ஒற்றைச் செருப்பு

ஓஷிவாராவில்
மூடிப்போன பிளாஸ்டிக் கம்பெனியின் அடித்தளத்தில்
என் பிழைப்பு:
மற்றவர்கள் நடந்துவிட்டுப் போனதை
மறுபடி நடப்பது.

திரையில் நாயகன் நாலு மாடி ஏறுவான்.
இருட்டில் நான் ஒரே படியில்
நின்ற இடத்திலேயே ஏறுவேன்.
மழைக்கு, நனைந்த சாக்கில் அரிசி.
எலும்பு முறிய முருங்கைக்காய்,
மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கியது.
முறியாமல் மிஞ்சியது வீட்டில் சாம்பாருக்கு.

அலமாரியில் நூற்றுப் பன்னிரண்டு ஜோடி.
போலீஸ் பூட்ஸ், பள்ளிக்கூட ஷூ,
கல்யாணப் பெண்ணின் ஹீல்ஸ்
(என் ஒன்பதாம் நம்பர் காலுக்குத்
தாராவியில் சொல்லிச் செய்தது.
அளவெடுத்தவர் ஒன்றும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை).

நடிக்கத் தெரியாதவனின் நடையை
முதல் டேக்கிலேயே பிடித்துவிடுவேன்.
எடையே இருக்காது.
அடுத்த வசனத்தை நினைத்துக்கொண்டே வருகிற
கால் அது.

ம்ருணாளின் முதல் படம் வந்தது.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்
இரவு வேலை முடித்து ஒருத்தி வீடு திரும்புகிறாள்.
ஏழு வருடம் முன்பு ஓடிப்போனவன்
அவள் கட்டிலில் உட்கார்ந்து
மேஜை விசிறியைக் கழற்றி
ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
யாரும் கேட்காமலே.

எழுத்தில் மூன்று பக்கச் சண்டையாம்.
ஒத்திகையில் அத்தனையும் பேசிப் பார்த்த ஷெவந்தா
பேனா கேட்டாளாம்.
ம்ருணாள் கொடுத்தாள்.
பேனாவைக் கொடுத்தாளே
அதைத்தான் இயக்கம் என்பேன் நான்.
மிஞ்சியது ஒரே வரி:
"ஸ்க்ரூ ஒண்ணு கீழ விழுந்திருக்கு."

அதைச் சொல்லும் முன்
வாசலிலிருந்து நாலு எட்டு.
இடுப்புக்கு மேல்தான் படம்.
ரப்பர் செருப்பை மாட்டி நடந்தேன்.
சேரவில்லை.
தோல் செருப்பு. சேரவில்லை.
வெறுங்கால்.
ஆறாவது டேக்கில் பாப்டிஸ்டா
ஹெட்போனைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனான்.

தனியாக உட்கார்ந்து
ஒலியில்லாமல் ஓட்டினேன்.
பதினோராவது தடவை தெரிந்தது.
ஒவ்வொரு இரண்டாம் எட்டிலும்
இடது தோள் அரை விரல் உயர்கிறது.

வலது செருப்பைக் கழற்றினேன்.
இடதைக் கழற்றவில்லை.
சப், தொம். சப், தொம்.
ஒட்டிக்கொண்டது, உதடும் சொல்லும் போல.

உள்ளே வருவதா போவதா என்று
கால்களிடமே விட்டிருக்கிறாள்.
கேமரா இறங்காத இடத்தில்.

ம்ருணாளைக் கூப்பிட்டேன்.
"அந்தச் செருப்பு, ஸ்கிரிப்டில் இருந்ததா?"
"எந்தச் செருப்பு?"
போட்டுக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் அவள் தரையையே பார்த்தாள்.
"ஷெவந்தாவிடம் கேட்கட்டுமா?" என்றேன்.
"வேண்டாம் இருதயா.
கேட்டால் அடுத்த படத்தில்
யோசித்துச் செய்வாள்."

தயாரிப்பாளருக்கு நொண்டுவதாகப் பட்டது.
"சவுண்டு கோளாறு. வயலினைப் போட்டு மூடுங்க."
போட்டு மூடினார்கள்.
நான் அடுத்த படத்துக்கு
வாள் சண்டைக்குக் கரண்டி தேடப் போய்விட்டேன்.

கல்யாணில் புதன்கிழமை காலைக் காட்சி.
பதினாலு பேர்.
ஒருவர் குறட்டை,
ஒருவர் போனில் கிரிக்கெட்.
அந்தக் கதவு திறந்தது.
வயலின் வந்தது, வாரி இறைத்துக்கொண்டு.
அதற்கு அடியில்,
காதுக்கு எட்டுவதா இல்லையா என்கிற அளவில்,
சப், தொம்.

பாப்டிஸ்டா,
வசாய்க்காரா,
அழிக்காமல் விட்டிருக்கிறாய்.

எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்
பக்கத்திலிருந்தவனிடம் குனிந்து
இந்தியில் கேட்டாள்:
"அவ கால்ல ஏதாவது குத்திடுச்சா?"

"காலே காட்டலியே" என்றான் அவன்,
பாப்கார்னிலிருந்து கண்ணெடுக்காமல்.